கண்ணாடி வைக்காத மாஸ்ரர்

ஏழாலையில் சண்முகநாதன் மாஸ்ரர் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி கிடையாது. வாங்க வக்கில்லாமல் அல்ல. பென்சன் வருகிறது, தோட்டக்காணி குத்தகைக்குப் போயிருக்கிறது. கண்ணாடி இல்லாதது அவருடைய கொள்கை. கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டிலிருக்கிறவர்களை வதைக்கிற ஆண்கள் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு நாலுபேர் இருப்பார்கள். ஏழாலையின் பங்குக்கு இவர் ஒருவரே போதும்.

மனைவி குணலட்சுமி கோயிலுக்குப் புறப்பட்டால் யன்னல் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைப்பாள். வெயில் ஏறிவிட்டால் அதிலும் முகம் தெரியாது. அப்போது பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பொட்டு நேராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவாள். மாஸ்ரர் கன்னத்தைத் தடவித் தடவித்தான் சவரம் செய்வார். இடது காதுக்குக் கீழே ஒரு கீற்று மயிர் எப்போதும் தப்பி நிற்கும். அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. சொன்னால் அரை மணித்தியாலம் நின்று கண்ணாடியின் வரலாற்றை எகிப்திலிருந்து கேட்கவேண்டி வரும். சுன்னாகத்துச் சலூனில் கதிரையில் ஏறிய உடனே கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவருக்குக் கத்தரிக்கோலென்றால் பயம் என்றுதான் சலூன்காரன் கனகாலம் நினைத்திருந்தான்.

வரலாறு படிப்பித்த மனிதர். வரலாற்றில் அவருக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சங்கதி: மனிதன் மூடன், அவனுடைய மூடத்தனத்துக்குப் பொன்னும் கண்ணாடியும் சாட்சி. அதைக் கண்டுபிடித்த அன்றே தான் மட்டும் மூடனில்லை என்றும் முடிவு கட்டிவிட்டார். முதலாவதுக்கு உலகம் முழுக்க ஆதாரம் தேடினார். இரண்டாவதுக்கு எதையும் தேடவில்லை.

ஆதாரங்களை அவர் அடுக்குகிற அழகு தனி. துருக்கிப் பக்கத்தில் எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே எரிமலைக் கல்லைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்தார்களாம். விதைக்கிற வேலையை ஒழுங்காகப் பழக முதலே முகம் பார்க்கிற வேலை வந்துவிட்டது. எகிப்துக்காரர் செம்பை மினுக்கிக் கண்ணாடி செய்தார்கள், செத்த பிறகும் முகம் பார்க்க ஆசைப்பட்டு அதைக் கல்லறைக்குள்ளும் கொண்டுபோனார்கள். வெனிஸ்காரர் கண்ணாடிக் கொல்லர்களை ஒரு தீவில் அடைத்து வைத்து, தொழில் இரகசியத்தோடு ஓடினால் தொலைத்துவிடுவோம் என்று வெருட்டினார்கள். பின்னுக்குப் பூசுகிற பாதரசத்தால் தொழிலாளிகளின் கை நடுங்கிப் பல்லுக் கொட்டியது, முன்னுக்கு நின்ற பிரபுக்கள் தலைமயிரைச் சரிசெய்தார்கள். பெருவில் ஸ்பானியன் ஒரு ராசாவைப் பிடித்து, அறை நிறையப் பொன் தந்தால் விடுகிறேன் என்றான்; பொன் வந்தது, வாங்கிக்கொண்டு கழுத்தை நெரித்தான். கடைசியில் தொண்டையைச் செருமி, தன்னுடைய முத்தாய்ப்பை வைப்பார்.

"கண்ணாடியைக் காட்டிப் பொன்னை வாங்கினவன் கப்பலிலை வந்த வெள்ளைக்காரன். பொன்னைக் காட்டிப் பொம்பிளையை வாங்கிறவன் எங்கடை யாழ்ப்பாணத்தான். ரெண்டுபேரிலையும் வெள்ளைக்காரன் திறம். அவன் காட்டின கண்ணாடியிலை ஒரு முகமாவது தெரிஞ்சது."

இதைக் கலியாண வீட்டில் சொல்வார். செத்தவீட்டு அந்தியேட்டியில் சொல்வார். வாசிகசாலை ஆண்டுவிழாவில் சோடாப் போத்தலோடு மேசை போட்டுக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம். சனம் வாயைத் திறக்காமல் இருக்கும். அந்த மௌனத்தை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பந்தியில் சோறு ஆறுகிறதே என்ற கவலை அது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கலியாணம் கட்டும்போது சீதனம் வாங்கவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லியே வாங்காத சீதனத்தைப் போல இரண்டு மடங்கு மரியாதையைக் குணலட்சுமியின் ஆட்களிடம் வசூலித்துவிட்டார். அவளுடைய அண்ணன் இராசநாயகம், சுன்னாகத்தில் வெங்காய மொத்த வியாபாரம் செய்கிறவர், தங்கச்சி வெறுங்கையோடு போகக்கூடாது என்று நாலு சோடி காப்புப் போட்டு அனுப்பினார். "உம்மடை அண்ணருக்கு வெங்காயத்தின்ரை தோலும் பொன் மாதிரித்தான் தெரியும்" என்று மாஸ்ரர் முதல்நாளே சொன்னார். தொண்ணூற்றைந்தில் ஆமிக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு ஓடியபோது அந்தக் காப்புகள்தான் ஒவ்வொன்றாக விலைப்பட்டு அரிசியும் மாவும் ஆகின. மாஸ்ரர் வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, பொன்னாசை பிடித்த சனத்தைப் பற்றி அகதிமுகாம் வாசலில் நின்று வகுப்பெடுத்தார். குணலட்சுமி வெறுங்கையால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரிக் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு, இனி இந்த வீட்டுக்குக் கண்ணாடி வேண்டாம் என்று அறிவித்தார். பத்து வயதுப் பெட்டைக்குப் பாடம் சொல்லுகிற தொனியில் மனைவிக்கு அதற்கு விளக்கமும் சொன்னார். அப்படித்தான் அந்த வீடு கண்ணாடி இல்லாத வீடானது.

அதன்பிறகு பிறந்தவள் நிவேதனா, ஒரே பிள்ளை. இப்போது சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தாதி. காதில் ஒரு பொட்டுத் தோடு தவிர உடம்பில் பொன் கிடையாது. "என்ரை வளர்ப்பு" என்று மாஸ்ரர் ஊரெல்லாம் சொன்னார். தாதிமார் வேலையில் நகை போடக்கூடாது என்ற விதியைத் தன்னுடைய வளர்ப்பென்று சொல்லித் திரிந்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அவளுக்குக் கலியாணம் முற்றாகியது. மாப்பிள்ளை மயூரதன், சாவகச்சேரியில் தகப்பனின் இரும்புக்கடையைப் பார்க்கிறவன். இரண்டுபேரும் தாங்களே விரும்பியது. மாஸ்ரர் சாதகம் பார்க்காமல், மூச்சு விடாமல் சம்மதித்தார். அந்த மனிதருக்கும் ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மனைவி தண்ணீர் வார்க்க, தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கிற அந்தக் கொஞ்ச நேரம். கலியாணத்தில் அது ஒன்றுதான் கலியாணம், மிச்சமெல்லாம் கடை என்பது அவர் கட்சி. சடங்கொன்றையும் மதிக்காதவர் இதற்காக ஐயரிடம் போய் மந்திரத்தைக் கேட்டு, பாடமாக்கி, கிணற்றடியில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். பிள்ளையின் கையை விடும்போது அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று ஒருநாள் குணலட்சுமியிடமே சொன்னார். அவள் ஆச்சரியப்பட்டுப் போனாள்.

கலியாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் நல்லநேரம் பார்த்து, பொன்வேலை செய்கிற பத்தரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கத்து ஆட்களும் பார்த்திருக்கத் தாலிக்குரிய பவுணை உருக்குகிற சடங்கு. மணப்பொம்பிளை மட்டும் வரமாட்டாள். அந்த நேரத்தில் அந்த வீட்டில் அமங்கலமான சொல் ஒன்று வாயில் வரக்கூடாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கேற்றுக்குப் பொன்னிறப் பெயின்ற். கேற்றின் மேலே இரண்டு சிங்கம், அவற்றுக்கும் பொன்னிறம், ஒன்றுக்குப் பெயின்ற் காணாமல் வால் சீமெந்தாகவே நின்றது. ஹோலுக்குள் போனால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சின்ன ஹோலைப் பெரிதாகக் காட்டவாம். பெரிதாகத் தெரிந்தது உண்மைதான். இருந்த ஆட்கள் எல்லாரும் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள், ஒவ்வொருத்தரே மிதமிஞ்சி இருந்த இடத்தில். மாப்பிள்ளையின் தாய் கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் போட்டிருந்ததைப் பார்த்தால், பத்தர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை மாட்டுகிற சட்டத்தில் சேலை கட்டிவிட்டது போலிருந்தது. மாஸ்ரர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் இருந்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே கொண்டாட்டம். வாழ்நாள் முழுக்க அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு வீடே எழும்பி நின்று சாட்சி சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்கு முன்னால் பத்தர் சின்ன மண்கிண்ணத்தில் பவுணை இட்டு நெருப்பை ஊதத் தொடங்கினார். வீடியோக்காரன் குனிந்து குனிந்து படம் எடுத்தான். சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் தகப்பன் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி படித்த மனிதர், அந்தப் பெருமையும் வீடியோவில் இருக்கட்டும் என்று நினைத்தார் பாவி.

"மாஸ்ரர், பொன்னைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோவன். வீடியோவிலை கிடக்கும்."

குணலட்சுமி அவருடைய சால்வைத் தலைப்பை மெல்லப் பிடித்து இழுத்தாள். மாஸ்ரர் எழும்பிவிட்டார்.

"சொல்லுறன். பொன் அழியாது. அதுதான் அதின்ரை பெருமை எண்டு சொல்லுவினம். உருக்குவினம், அடிப்பினம், பேந்து உருக்குவினம். அப்ப இந்தப் பவுண் எங்கையெல்லாம் கிடந்திட்டு இஞ்சை வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? எகிப்திலை பிணத்தின்ரை முகத்திலை கிடந்ததோ, பெருவிலை கழுத்து நெரிச்ச ராசாவின்ரை காதிலை கிடந்ததோ, இல்லாட்டி எங்கடை ஊரிலையே ஆரோ ஒரு கைம்பெண்ணின்ரை கழுத்திலையிருந்து அறுத்த தாலியோ? அதைத்தான் இப்ப என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை கட்ட நெருப்பு ஊதுறியள்..."

பத்தர் ஊதுவதை நிறுத்தினார். மாப்பிள்ளையின் தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், பொத்தினதில் கைவளையல்கள் முழங்கைவரை சரிந்தன.

"ஐயோ முருகா! நல்ல நேரத்திலை உது என்ன கதை!"

"வரலாறு" என்றார் மாஸ்ரர்.

மயூரதன் தலை குனிந்தபடி இருந்தான். யாரோ ஒரு கிழவர் எழும்பி, இந்தப் பொன் வேண்டாம், வேறு பவுண் எடுங்கோ, நேரம் இன்னும் கிடக்கு என்றார். தாய் உள்ளே போய் இன்னொரு பவுண் எடுத்து வந்தாள். புதுக் கிண்ணம் வைத்து, புதுத் தேங்காய் உடைத்து, எல்லாம் முதலிலிருந்து நடந்தது. இந்தமுறை ஒருவரும் மாஸ்ரரைப் பேசக் கேட்கவில்லை. குணலட்சுமி கொண்டுபோன பலகாரத் தட்டங்களைப் பிரித்து வைக்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை. அவளே தனியாகக் குந்தியிருந்து பிரித்து வைத்தாள்.

வாடகை வானில் திரும்பி வரும்போது எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்ரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். "முகங்களைப் பாத்தியளோ? ஒருத்தருக்கும் பதில் இல்லை" என்று கைதடி தாண்டும்போது சொன்னார். மைத்துனர் இராசநாயகம் பதில் சொல்ல வாயெடுத்து, தங்கச்சியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

அடுத்த கிழமை இராசநாயகம் வீட்டுக்கு வந்தார். வழக்கமாகச் சட்டைக்கு வெளியில் தொங்குகிற சங்கிலியை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார். வெற்றிலைத் தட்டைத் தொட்டார், பாக்கை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அத்தான், ஒரு விசயம். தாரை வார்க்கிறதுக்கு... நானும் மனிசியும் நிக்கிறம்."

மாஸ்ரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஆர் சொன்னது? சாவகச்சேரியாரோ? இரும்புக்கடைக்காரன் எனக்குச் சட்டம் போடுறானோ? சிங்கத்துக்கு வால் பூச வக்கில்லாததுகள், என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிக்க எனக்கு விலக்குப் போடுதுகளோ?"

"கோவிக்காதேங்கோ அத்தான்..."

"நீ கதையாதை. உனக்கு மேடையிலை நிண்டு சங்கிலி காட்ட ஆசை. வீடியோக்காரனுக்கு நீதான் தோது."

இராசநாயகத்தின் முகம் கறுத்தது. தங்கச்சி அகதிமுகாமில் வெறுங்கையோடு நின்றதைப் பார்த்துவிட்டு வந்து, தான் ஒதுங்கியிருந்த இடத்தில் சாப்பிடாமல் படுத்த மனிதர் அவர். அன்று சொல்லாததை இன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மாஸ்ரர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனார். சாவகச்சேரி பஸ்ஸைப் பிடித்துப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதென்று முடிவு. கேள்விகளும் தயார். அப்போது அறைக்குள்ளிருந்து நிவேதனா வெளியில் வந்தாள். கலியாண லீவில் நின்றவள். முகத்தில் மஞ்சள் பூசியிருந்தது.

"சைக்கிளை விடுங்கோ அப்பா. அவையள் ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கே மறந்திட்டினம். மயூரதன்ரை அம்மா நேற்றும் போன் எடுத்து, மாஸ்ரருக்கு என்ன நிறத்திலை சால்வை எடுக்கிறதெண்டு கேட்டவ."

"அப்ப உது ஆரின்ரை வேலை?"

"நான்தான் மாமாவைக் கேட்டனான்."

மாஸ்ரர் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபக்காரருக்கு அவரிடம் எப்போதும் பதில் இருந்தது.

"நீயோ? பொன்னுருக்கிலை நான் கதைச்சதுக்கோ? நான் சொன்னதிலை ஒரு பிழை காட்டு பாப்பம்."

"பிழை இல்லை அப்பா. நீங்கள் ஒருநாளும் பிழையாச் சொல்லுறேல்லை. கதைக்காக இல்லை. உங்கடை சிரிப்புக்காக."

"என்ன சிரிப்பு?"

"ஆரையும் கேவலமாப் பாக்கேக்கை உங்கடை வாயின்ரை ஒரு பக்கம் மேலை போகும். கொஞ்சம்தான். நான் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு செய்த அண்டைக்கு அம்மா எனக்குச் சிவப்புச் சீலை உடுத்தி, மாமி தன்ரை மாலையைக் கழட்டிப் போட்டுவிட்டவ. நான் வடிவெண்டு நினைச்சுக்கொண்டு வெளியிலை வந்தனான். நீங்கள் வாசல்லை நிண்டியள். என்னைப் பாத்து அந்தச் சிரிப்புச் சிரிச்சனீங்கள். ஒண்டும் சொல்லேல்லை, சிரிச்சது மட்டும்தான். நான் உள்ளை போய் மாலையைக் கழட்டிக் குடுத்திட்டன். அதுக்குப் பிறகு நான் நகை போடுறேல்லை. அதைத்தானே நீங்கள் ஊரெல்லாம் உங்கடை வளர்ப்பெண்டு சொல்லுறியள்."

"அப்பிடி நான் சிரிக்கேல்லைப் பிள்ளை."

"உங்களுக்குத் தெரியாது அப்பா. நீங்கள் அதை ஒருநாளும் பாத்ததில்லை. நானும் அம்மாவும்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். மேடையிலை எனக்குக் கூறைச்சீலையும் நகையும் போட்டிருக்கும். நீங்கள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கிட்ட நிப்பியள். நான் நிமிர்ந்து பாக்கேக்கை உந்தச் சிரிப்பு இருந்தால் என்னாலை தாங்க ஏலாது. அந்த ஒருநாளாவது எனக்கு அது வேண்டாம் அப்பா."

மாஸ்ரர் குசினிப் பக்கம் திரும்பினார். குணலட்சுமி வாசற்படியில் நின்றாள். அவர் தாரை வார்க்கவில்லையென்றால் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்க்கிற பாக்கியம் அவளுக்கும் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீரும் ஓம் எண்டனீரோ?"

"அழுதனான்" என்றாள் குணலட்சுமி. "பேந்து ஓம் எண்டனான்."

மாஸ்ரர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அன்றிலிருந்து கலியாண நாள்வரை அவர் ஒருவருக்கும் வகுப்பெடுக்கவில்லை. ஊர் அவருக்குச் சுகமில்லை என்று நினைத்தது. இடைக்கிடை கையை உயர்த்தி வாயின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். விரலுக்கு என்ன தெரியும். அங்கே தோல்தான் இருந்தது.

கலியாண மண்டபத்தில் முன்வரிசையில், சம்பந்தி எடுத்துக் கொடுத்த சால்வையோடு, குணலட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தார். மண்டபத்துத் தூண்களுக்கெல்லாம் பொன்னிறத் தாள் சுற்றியிருந்தது. மாப்பிள்ளையின் ஆட்கள் வந்து வந்து தங்கள் நகைகளை ஒருத்தருக்கொருத்தர் காட்டிவிட்டு, மேடைப் பக்கம் பார்க்க மறந்து போனார்கள். பழைய மாஸ்ரராக இருந்தால் இது ஒரு வருஷத்துப் பேச்சுக்குக் காணும்.

மேடையில் தாரை வார்க்க நேரம் வந்தது. இராசநாயகம் புதுப்பட்டு வேட்டி நழுவ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மருமகளின் கையை மற்றக் கையால் பிடித்தார். ஐயர் சொன்ன மந்திரம் அவருடைய வாயில் வெங்காய விலை போல அரையும் குறையுமாக வந்தது. வெற்றிலையைத் தலைகீழாக வைத்தார். ஐயர் பிடித்துத் திருப்பினார். திரும்பவும் தலைகீழாக வைத்தார். கிணற்றடியில் நின்று ஒரு எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிய மாஸ்ரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கன்னத்தில் ஏதோ அசைந்தது. வாயின் ஒரு பக்கம் தன்பாட்டில் மேலே இழுபட்டது. வாழ்நாளில் முதற்தடவையாக அது அவருக்குத் தெரிந்தது.

சட்டென்று சால்வையை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த ஆள், பெண்ணைப் பெற்றவர் அழுகிறார் என்று நினைத்து, "விடுங்கோ மாஸ்ரர், எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். தவில் முழங்கியது. நிவேதனா நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள். மாஸ்ரர் சால்வையை வாயிலிருந்து எடுக்கவில்லை.